ஒன்றரை மார்க்கும் ஒரு சைனா ஊசியும்

"துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டுவேன்" என்று தனசேகரன் மேடையில் சொன்னால் வடக்கனந்தலில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆள் அப்படி. முந்தின வருஷத்து மறியலில் லத்தியடி வாங்கிக்கொண்டு, அடித்த போலீஸ்காரரிடமே பீடிக்கு நெருப்புக் கேட்டவர். கரும்புத் தோட்டத்தில் கண்ணாடி விரியனைச் செருப்புக் காலால் மிதித்தபடி நின்று, "எவனாவது ஒரு தடி கொண்டாங்கடா" என்று சாவகாசமாகக் குரல் கொடுத்தவர். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தபோது சாதிச் சங்கத்தின் ஒன்றியத் தலைவர் பதவிக்கு இவரை விட்டால் யார் என்று ஊரே கேட்டது. காசிநாதன் மட்டும் கேட்கவில்லை, அவனுக்கு அந்தப் பதவிமேல் கண். அவனைச் செயலாளராகப் போட்டுச் சமாதானம் செய்தார்கள்.

இப்பேர்ப்பட்ட தனசேகரனுக்கு ஊசி என்றால் பயம்.

சும்மா பயம் இல்லை. ஊசியைக் கண்டால் உள்ளங்கை வேர்க்கும், காது அடைக்கும், கால் தானாக வாசல் பக்கம் திரும்பும். ஆறு வயதில் அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தபோது நெல் குதிருக்குள் இறங்கி ஒளிந்துகொண்டார். குத்துகிறவர் ஊரைவிட்டுப் போன பிறகுதான் இவரைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். அதற்கப்புறம் நாற்பத்தைந்து வருஷமாக அந்த உடம்பில் ஓர் ஊசி இறங்கியதில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை, சளிக்குக் கஷாயம், மற்றதற்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வது. "இங்கிலீஸ் ஊசி ஒடம்பக் கெடுத்துடும்" என்பதை ஒரு கொள்கையாகவே சொல்லி வைத்திருந்தார். பயத்துக்குக் கொள்கை என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கட்டிய மனைவி பச்சையம்மாளுக்கே அசல் விஷயம் தெரியாது.

எல்லாம் குதிகால் வலி வரும்வரைதான்.

எண்பத்தாறு மார்கழியில் தொடங்கியது. காலையில் பாயைவிட்டு எழுந்து முதல் அடி வைத்ததும் வலது குதிகாலில் யாரோ உளி வைத்து அடிப்பதுபோல் ஒரு வலி. நாலு அடி நடந்தால் கொஞ்சம் தணியும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். பச்சையம்மாள் செங்கல்லைச் சுட்டு அதன்மேல் எருக்கிலையைப் போட்டு ஒத்தடம் கொடுத்தாள். கல்லுப்பு வெந்நீரில் காலை ஊறப்போட்டாள். யாரோ சொன்னார்கள் என்று வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தடவினாள். வீடு நாறியதுதான் மிச்சம், வலி அப்படியே இருந்தது.

கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், "எலும்பு கொஞ்சம் வளந்திருக்கு, குதிகால்லயே ஒரு ஊசி போட்டா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அலமாரி பக்கம் திரும்பினார். அவர் சிரிஞ்சோடு இந்தப் பக்கம் திரும்பியபோது நாற்காலியில் ஆள் இல்லை. தனசேகரன் பஸ் ஏறி, டிக்கெட் எடுத்து, கச்சிராயபாளையம் தாண்டிய பிறகுதான் கீழே பார்த்தார். செருப்பு டாக்டர் வாசலிலேயே இருந்தது. கோயில் வாசலில் திருட்டுப் போய்விட்டதாக வீட்டில் சொன்னார்.

வெறும் ஊசிப் பயத்தை மறைப்பது இவருக்குக் கடினமில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் தனசேகரனின் புகழ்பெற்ற பேச்சைச் சொல்ல வேண்டும்.

எந்த ஊர்க் கூட்டமானாலும் கடைசியில் அவரைப் பேசச் சொல்வார்கள், பேச்சும் எப்போதும் ஒன்றுதான். "ஒன்றரை மார்க்கு!" என்று ஒற்றை விரலை உயர்த்திக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். கூட்டம் அடங்கிவிடும். "எம் பொண்ணு கலையரசி. ப்ளஸ் டூவுல பள்ளிக்கூடத்துக்கே மொத மார்க்கு. டாக்டர் படிப்புக்கு எயுதிப் போட்டோம். ஒரு சாதி சர்டிபிகேட்டுக்காவ தாலுகா ஆபீசுக்கு நான் நடையா நடந்தேன். தாசில்தாரு கேம்புன்னான். எங்க கேம்புன்னு கேட்டா தெரியாதுன்னான். கடைசி நாளும் போச்சு. சர்டிபிகேட் இல்லாத போன அப்ளிகேசன பொதுப் பட்டியல்ல போட்டான். ஒன்றரை மார்க்குல போச்சு எம் பொண்ணு டாக்டர் படிப்பு!" இந்த இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். "நம்ம புள்ளைங்களுக்குன்னு தனியா எடம் ஒதுக்கு! அதுவரிக்கும் ஓய மாட்டோம்!" என்று முடிக்கும்போது கொட்டகை அதிரும்.

நல்ல பேச்சு. கோரிக்கையிலும் குறை சொல்ல முடியாது. அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் படித்துவிட்டுக் கரும்பு வெட்டினார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேச்சில் ஒரு வரி மட்டும்தான் பொய். தாசில்தார் கேம்ப் போகவில்லை.

எண்பத்திரண்டில் அந்தக் கடைசி நாளன்று தாசில்தார் ஆபீசில்தான் உட்கார்ந்திருந்தார். கீழ் அதிகாரிகளின் கையெழுத்தெல்லாம் வாங்கியாகிவிட்டது, அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தனசேகரனும் சட்டைப்பையில் காகிதத்தை வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் போய் இறங்கினார். ஊரில் அப்போது காலரா. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு கயிறு, கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் மண்ணெண்ணெய் ஸ்டவ், ஸ்டவ்மேல் கொதிக்கிற தண்ணீரில் ஊசிகள். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நின்றார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் கயிறு உயர்ந்தது.

தனசேகரன் வரிசையில் நின்றார். இல்லையென்று சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்வரை நின்றார். அப்புறம் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று நகர்ந்தார். டீ குடித்தார், இன்னொரு டீயும் குடித்தார். பின்பக்கம் வழி உண்டா என்று போய்ப் பார்த்தார், அங்கேயும் ஒரு மேஜை. மணி நாலானது. வடக்கனந்தல் பஸ் வந்தது, ஏறிவிட்டார். வீட்டு வாசலில் காத்திருந்த மகளிடம், "தாசில்தாரு கேம்புமா" என்றார்.

பதினேழு வயதுப் பெண் அழவில்லை. "செரிப்பா, இருக்கறத வெச்சி அனுப்பிடலாம்" என்றாள். சர்டிபிகேட் இருந்திருந்தால் பிற்பட்டோர் பட்டியலில் பதினோரு மார்க் மிச்சத்தில் இடம் கிடைத்திருக்கும் என்று பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார். அந்தப் பதினோரு மார்க்கை தனசேகரன் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அவர் சங்கத்தில் சேர்ந்தது அதற்கடுத்த மாசம். கேட்டவர்களிடம் மகளுக்கு நேர்ந்த அநியாயத்துக்காக என்றார். அதுவும் உண்மைதான்.

கலையரசி சிதம்பரத்தில் விலங்கியல் படித்தாள். படித்துவிட்டு வேலை தேடி மெட்ராஸ் போனவள், அங்கே அக்குபங்சர் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் உதவியாளாகச் சேர்ந்து ஒரு வருஷம் தொழில் கற்றாள். ஒரு சின்ன தகரப்பெட்டி நிறைய ஊசிகளோடு ஊர் திரும்பினாள். மலைமேல் கரியாலூரில் ஒரு தொண்டு நிறுவனம் அவளுக்கு ஓர் அறை கொடுத்தது. வாரத்துக்கு நாலு நாள் பஸ்ஸில் மலையேறிப் போய், முட்டி வலி இடுப்பு வலி என்று வருகிற மலை சனங்களுக்கு ஊசி குத்திவிட்டு வந்தாள். அவர்கள் அதைச் சைனா ஊசி என்றார்கள், அவளை டாக்டரம்மா என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும் போதெல்லாம் தனசேகரன் வேறு எங்கேயாவது பார்ப்பார்.

விதியின் குசும்பைப் பாருங்கள். ஊசிக்குப் பயந்து எந்தப் பெண்ணின் படிப்பைக் கெடுத்தாரோ அந்தப் பெண்ணே வீட்டுக்குள் இருநூறு ஊசியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, பத்து தடவ போட்டா போதும், கொறைஞ்சிடும்" என்பாள் அவள். அமாவாசை என்பார். மறுவாரம் கிருத்திகை என்பார். சங்கக் கூட்டம், கரும்பு வெட்டு, மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று ஒன்பது மாதம் ஓட்டினார். "நம்ம புள்ளைங்க டாக்டர் ஆவணும்னு ஊரெல்லாம் கத்தறீங்க, சொந்தப் பொண்ணுகிட்ட கால நீட்ட மாட்டேங்கறீங்களே, இன்னாதான் ஒங்களுக்கு?" என்று பச்சையம்மாள் ஒரு நாள் கேட்டேவிட்டாள். இந்த "இன்னாதான்" அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஊசிக்குப் பயம் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால், மகள் புத்திசாலி, எண்பத்திரண்டில் கள்ளக்குறிச்சியில் காலரா ஊசி போட்டது அவளுக்கும் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு அரை நிமிஷம் ஆகாது. மகள் முகத்தில் விழிக்க முடியாமல் போய்விடும். லத்திக்கு அஞ்சாதவர் அதற்கு அஞ்சினார்.

எண்பத்தேழு புரட்டாசி பிறக்கிற நேரத்தில் ஒரு வாரச் சாலை மறியல் என்று அறிவிப்பு வந்தது. வடமாவட்டங்கள் முழுக்க மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றுவிட்டன என்றார்கள். வேறு இடங்களிலிருந்து துப்பாக்கிச்சூடு, சாவு, குடிசைக்குத் தீ என்று காதில் விழுந்த எதுவும் நல்ல சேதியாக இல்லை. வடக்கனந்தல் பக்கத்தில் அதுவரை வம்பு ஒன்றும் இல்லை. ஊருக்குக் கிழக்கே கள்ளக்குறிச்சி ரோட்டில் ஒரு புளியமரம், மேற்கே மலைக்குப் போகிற ரோட்டில் ஒரு புளியமரம், இரண்டுக்கும் முதல் வெட்டு தனசேகரனுடையது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கோடாலியால் செய்தவர் இவர் ஒருவர்தான்.

ஏனென்றால் மலை பஸ் நின்றுவிட்டது. கலையரசி கரியாலூர் போக முடியவில்லை. ஒரு நாள் வீட்டில் சும்மா இருந்து பார்த்தாள், முடியவில்லை. இரண்டாம் நாள் காலையில் தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிழக்கு மறியலுக்கே வந்து சேர்ந்தாள்.

மறியல் என்பது பாதி நேரம் கோஷம், மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது. முந்நூறு பேர் வேலைவெட்டி இல்லாமல் சாலையில் உட்கார்ந்திருக்கிற இடத்தில் முதுகு வலிக்கும் முட்டி வலிக்கும் பஞ்சமா? விழுந்து கிடந்த புளியமரத்தின் அடித்தண்டில் ஒரு போர்வையை விரித்தாள் கலையரசி. அரை மணி நேரத்தில் அவள் முன்னால் வரிசை நின்றது. மரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தோளிலும் முட்டியிலும் ஊசி மினுங்க, ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் நின்ற போலீஸ்காரர்களில் ஒருவரும் வேலிக்குப் பின்னால் சுற்றி வந்து கழுத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

தனசேகரன் வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றார். இரண்டு நாளாக நின்று நின்று வலது குதிகால் கொதித்துக்கொண்டிருந்தது. நடந்தால் முகம் கோணியது. அதைக் காசிநாதன் பார்த்துவிட்டான்.

"அண்ணே, இன்னா இது? ஊருக்கெல்லாம் ஒம் பொண்ணு வைத்தியம் பாக்குது, நீ நொண்டிக்கினு நிக்கிற?" என்று கையிலிருந்த மைக்கிலேயே கேட்டான். பேட்டரி போட்ட கைமைக், பக்கத்து வயல் வரை கேட்டது.

"சனங்க பாத்துக்கட்டும்பா மொதல்ல. தலைவன் கடைசியில" என்றார் தனசேகரன்.

இதைக் கேட்டுக் கூட்டம் கைதட்டியது. தட்டிவிட்டு விட்டிருந்தால் பரவாயில்லை. "தலைவரு மொதல்ல!" என்று எவனோ எடுத்துக் கொடுக்க, வரிசையே விலகி வழி விட்டது. நாலு பேர் அவரைக் கையைப் பிடித்து, தோளை அணைத்து, சகல மரியாதையோடும் புளியமரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஓடுவதென்றால் கிழக்கே போலீஸ், மேற்கே அவரே வெட்டிய இன்னொரு மரம்.

மரத்தில் அவருக்குப் பக்கத்தில் மாயவன் என்கிற மலை ஆள் உட்கார்ந்திருந்தான். கரியாலூர்க்காரன். கடுக்காய் மூட்டையோடு விற்க இறங்கி வந்தவன், கடையும் இல்லை பஸ்ஸும் இல்லை என்று இங்கேயே தங்கிவிட்டான். இரண்டு முட்டியிலும் ஊசியோடு அவன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"ஒண்ணியும் இல்லீங்க ஐயா. எறும்பு கடிச்சா இத விட ஜாஸ்தியா இருக்கும். டாக்டரம்மா கை அப்பிடி" என்றான்.

"எனக்கின்னா பயமா?" என்றார் தனசேகரன். யாரும் அப்படிக் கேட்கவில்லை.

காலை நீட்டினார். காலில்தானே போடுவாள், முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டால் பார்க்காமல் இருந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கலையரசி காலை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தாள்.

"கால்லடி வலி!"

"தெரியும்பா. குதிகாலுக்கு மணிக்கட்டுலதான் போடணும். மொதல்ல நாடி பாக்கறேன், கம்முனு இரு."

மூன்று விரலை வைத்து நாடி பிடித்தாள். அவர் நாடி அச்சாணி கழன்ற மாட்டு வண்டி மாதிரி ஓடியது. அவள் நிமிர்ந்து ஒரு முறை அப்பாவைப் பார்த்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு வெயில் என்று தோன்றியது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை, பெட்டியிலிருந்து ஓர் ஊசியை எடுத்தாள்.

பயத்தில் சிலர் அழுவார்கள், சிலர் சாமி கும்பிடுவார்கள். தனசேகரன் பேச ஆரம்பித்தார். "ஒன்றரை மார்க்கு!" என்று பிடிபடாத கையின் விரலை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. "எம் பொண்ணு... ப்ளஸ் டூவுல மொத மார்க்கு... ஒரு சர்டிபிகேட்டுக்காவ நான் நடையா நடந்தேன்..." குரல் உயர்ந்துகொண்டே போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். உணர்ச்சி என்று எல்லோரும் நினைத்தார்கள். "தாசில்தாரு கேம்புன்னான்... எங்க கேம்புன்னு கேட்டா..." என்று வந்தபோது மூச்சு வாங்கியது. கண்ணைத் திறக்காமலே, "இன்னும் போடலயாடி?" என்றார் தாழ்ந்த குரலில்.

"போட்டாச்சிப்பா. நீ மார்க்கு சொல்றப்பவே."

கண்ணைத் திறந்தார். இடது மணிக்கட்டில் தலைமுடி கனத்தில் ஓர் ஊசி நேராக நின்றது. ரத்தம் இல்லை, வலி இல்லை, போட்டதே தெரியவில்லை. மாயவன் சொன்ன எறும்புகூட இல்லை.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. "அட, இவ்ளோதானா?" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. காசிநாதன் மைக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த கோஷத்துக்குப் போனான், கூட்டம் அவன் பக்கம் நகர்ந்தது. தனசேகரன் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு முகத்திலேயே நின்று, பிறகு மெல்லப் போய்விட்டது.

"இதுக்கா பயந்துக்கினு நான் அன்னிக்குத் திரும்பி வந்தேன்?" என்றார்.

மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தார். பெட்டியை மூடப்போன கலையரசியின் கை நின்றது.

"எங்கருந்துப்பா?"

அவருக்கு இன்னொரு பொய் சொல்ல அந்த நேரத்தில் எங்கிருந்து வரும்? "தாசில்தாரு ஆபீசுலதான் இருந்தாரு" என்றார். கயிறு, மேஜை, ஸ்டவ், இரண்டு டீ, நாலு மணி பஸ் எல்லாம் சொன்னார். மெதுவான குரலில், ஊசி குத்திய கையைத் தூக்கிப் பிடித்தபடியே, மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தார். ஊசி வலித்திருந்தாலாவது ஒரு ஆறுதல். இத்தனை வருஷம் கழித்து, அது வலிக்கவே வலிக்காது என்று தெரிந்ததுதான் அவரைக் கொன்றது.

கலையரசி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அசையாத. இருவது நிமிசம் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

அந்த இருபது நிமிஷத்தை தனசேகரன் சாகும்வரை மறக்கப்போவதில்லை. அவள் ஒரு கிழவியின் இடுப்பை அமுக்கிப் பார்த்தாள், ஒருவனுடைய தோளில் ஊசி ஏற்றினாள், மாயவனோடு கடுக்காய் விலை பேசினாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. பச்சையம்மாள் கூழ்ச் சட்டியோடு வந்து, "பாத்தீங்களா, இதுக்குப் போயி ஒம்போது மாசம்" என்று சிரித்துவிட்டுப் போனாள். நேரம் முடிந்ததும் கலையரசி வந்து ஊசியை உருவினாள். "எய்ந்து நட" என்றாள். எழுந்து காலை ஊன்றினார். வலி குறைந்ததா இல்லையா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, புத்தி அங்கே இல்லை.

நேரே காசிநாதனிடம் போய் மைக்கை வாங்கினார். தலைவர் நொண்டாமல் நடந்து வருகிறார் என்று ஒரே ஆரவாரம். அவர் விரலை உயர்த்தவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"அல்லாரும் கேளுங்க. நான் இத்தினி நாளு மேடையில சொன்னது பொய்யி. தாசில்தாரு அன்னிக்கு ஆபீசுலதான் இருந்தாரு. வாசல்ல காலரா ஊசி போட்டுக்கினு இருந்தாங்க. ஊசி போட்டுக்கினாத்தான் உள்ள வுட்டாங்க. ஊசிக்குப் பயந்துக்கினு நான்தான் ஓடியாந்துட்டேன். எம் பொண்ணு படிப்பக் கெடுத்தது சர்க்கார் இல்ல, நான்தான்."

துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டும் தனசேகரன் ஊசிக்குப் பயந்தாரா? முந்நூறு பேருக்கும் அது பிடிபடவில்லை. ஒருவன் சிரித்தான், பிறகு நாலு பேர். தலைவர் நையாண்டி செய்கிறார் என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. காசிநாதன் மைக்கைப் பிடுங்கினான்.

"புரியுதா உங்களுக்கு? தலைவரு சொல்றது புரியுதா? ஊசின்ற பேர்ல வாசல்ல கயிறு கட்டி, நம்ம சனத்த ஆபீசுக்குள்ள வுடாம தடுத்திருக்கானுங்க! சர்டிபிகேட் குடுக்கக் கூடாதுன்னு திட்டம் போட்டு தடுத்திருக்கானுங்க! இத்தினி வருசமா இத மனசுல வெச்சிக்கினு இருந்திருக்காரு நம்ம தலைவரு!"

"கயிறு கட்டியவன் ஒழிக!" என்று கிளம்பியது. அடங்கவே இல்லை. "அப்பிடி இல்லப்பா, டேய், அப்பிடி இல்லடா" என்று தனசேகரன் கத்தியதை அவருக்குப் பக்கத்தில் நின்றவனே கேட்கவில்லை. யாரோ அவரைத் தோளில் தூக்கினார்கள். அவரை இறக்கிவிடுவதற்குள் இரண்டு சைக்கிள்காரர்கள் அந்தக் கோஷத்தை மேற்கு மரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காசிநாதன் ஒன்றும் கெட்டவன் இல்லை. நல்ல செயலாளர், கிடைத்ததை வீணாக்க மாட்டான்.

தனசேகரன் சட்டை கசங்கித் திரும்பி வந்து புளியமரத்தில் உட்கார்ந்தார். வரிசை தீர்ந்திருந்தது. கலையரசி ஊசிகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எவனும் நம்பலம்மா" என்றார்.

"கேட்டுக்கினுதான் இருந்தேன்."

"நீ நம்பறியா?"

அவள் பெட்டியை மூடினாள். அப்பாவின் இடது மணிக்கட்டைப் பிடித்து, ஊசி குத்திய இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துவிட்டாள். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

"வயசுக்கு வந்த பொண்ண ஆபீசு வாசல்ல நிறுத்தக் கூடாதுன்னு வூட்டுல வுட்டுட்டுப் போன. என்னையும் இட்டுக்கினு போயிருக்கலாம்பா" என்றாள். "ஒன் ஊசியையும் சேத்து நானே போட்டுக்கினு உள்ள போயிருப்பேன்."